இத்தனை துறையில் கை வைக்கிற பேராசிரியரிடம் மகளை அனுப்பலாமா?

வணக்கம். கேள்வியை முதலில் என் வார்த்தையில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் தொடக்கக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. கணினி நன்றாக வருகிறது, சின்ன வயதிலிருந்து வயலின் கற்கிறாள், விலங்குகள் என்றால் உயிர். ஒரு பேராசிரியரின் ஆய்வுப் பட்டியல் அவள் கண்ணில் பட்டிருக்கிறது. இயந்திரக் கற்றல் (தரவைப் பார்த்துக் கணினி தானே கற்பது), வாயு சென்சார் (காற்றில் கலந்த வாயுவை உணரும் கருவி), கறவை மாடுகளின் நோய், ராகம் கண்டுபிடிக்கும் மென்பொருள், நான்கும் ஒரே ஆளின் பெயரில். அவள் துள்ளிக் குதிக்கிறாள், உங்களுக்குப் பயம். "பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்" என்ற பழமொழியையும் எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்டவர் போலியா என்று கேட்பதுபோல் வெளியில் தெரிந்தாலும், வெளியில் நிற்கிற ஒரு தகப்பன் ஆழமான வேலையையும் மேலோட்டமான வேலையையும் எதை வைத்துப் பிரித்துப் பார்ப்பது என்பதுதான் உள்ளே இருக்கிற கேள்வி என்று எனக்குப் படுகிறது. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் இருபது ஆண்டுக்கு மேலாக இங்கே சிங்கப்பூரில் வாயு சென்சார்களோடு வேலை செய்கிறவன். கால்நடை மருத்துவம் படித்ததில்லை, அந்தப் பக்கத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் மருத்துவர்கள் பக்கத்தில் நின்று கற்றது. இசையில், சிறுவயதில் சில ஆண்டுகள் மிருதங்கம் படித்த ரசிகன், அவ்வளவுதான். இந்த எல்லையை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். என் கருத்து இதுதான்: அந்த நான்கும் ஒரே மேசையில் நடக்கக்கூடிய வேலைதான். ஆனால் மேசை விட்டு மேசை தாண்டிப் போவது கணக்கு மட்டுமே. எண்ணுக்கு என்ன பொருள் என்பதை அந்தந்த இடத்து ஆட்களிடம் போய், காத்திருந்து, கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதைக் கற்றவரா இல்லையா என்று பார்த்தால் போதும்.

முதலில் சென்சாரைச் சொல்கிறேன், ஏனென்றால் அதைப் புரிந்துகொண்டால் மற்ற மூன்றும் எப்படி ஒட்டுகின்றன என்பது தெரிந்துவிடும். அதிகம் புழங்குகிற வகை வெள்ளீய ஆக்சைடில் செய்தது. ஜப்பானின் நவோயோஷி தகுச்சி 1962-ல் காப்புரிமை கேட்ட யோசனை அது. சமையல் வாயு கசிந்தால் கத்துகிற கருவிக்காக அவர் செய்தார். உள்ளே ஒரு சின்னத் தகடு, அதை இருநூறு முந்நூறு டிகிரிக்குச் சூடாக்கி வைத்திருப்போம். காற்றில் இருக்கிற ஆக்சிஜன் அதன் மேல் ஒட்டிக்கொண்டு எலெக்ட்ரான்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் மின்தடை ஏறி நிற்கும். சாராய ஆவியோ அசிட்டோனோ வந்து பட்டால் அந்த ஆக்சிஜனோடு வினைபுரிந்து அதை எடுத்துக்கொண்டு போய்விடும். பிடிபட்டிருந்த எலெக்ட்ரான் திரும்பி வரும், மின்தடை இறங்கும். இறங்குகிற அந்த வளைவைத்தான் நாங்கள் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இதில் கவனிக்க வேண்டியது, இந்தத் தகட்டுக்கு எந்த வாயு என்று தெரியாது. ஆக்சிஜனை எடுக்கக்கூடிய எதுவாக இருந்தாலும் இறங்கும். அதனால்தான் ஒன்றுக்குப் பதில் வெவ்வேறு குணமுள்ள பல சென்சார்களை வரிசையாக வைத்து, எது எவ்வளவு இறங்கியது என்ற கோலத்தைப் படிக்கிறோம். நம் மூக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான்: ஏறக்குறைய 400 வகை வாங்கிகளைக் கொண்டு அதைவிடப் பல மடங்கு வாசனைகளைப் பிரித்தறிகிறது. இந்த யோசனையைக் கருவியாக்கி 1982-ல் இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழகத்தில் கிருஷ்ணா பெர்சாட், ஜார்ஜ் டாட் இருவரும் வெளியிட்டார்கள். மின்மூக்கு என்ற துறைக்கு அதுதான் பிள்ளையார் சுழி. கோலத்தைப் படிக்கக் கணினி வேண்டும் என்பதால், வேதியியலும் கணினியும் இந்தத் துறையில் பிறக்கும்போதே ஒட்டிப் பிறந்தவை. உங்கள் பட்டியலில் முதல் இரண்டும் ஒரே வேலை என்று எடுத்துக்கொள்ளலாம்.

இசை எப்படி வந்து சேர்கிறது? இது எனக்கு மிகவும் பிடித்த இடம், கொஞ்சம் நின்று சொல்கிறேன். எங்கள் சென்சார் தருகிற எண்ணை யாரும் அப்படியே பயன்படுத்துவதில்லை. இன்று சுத்தமான காற்றில் 40 கிலோ ஓம் காட்டுகிற அதே சென்சார், அடுத்த மாதம் 47 காட்டும். ஒரே பெட்டியில் வந்த இரண்டு சென்சார்கூட ஒத்துப்போகாது. அதனால் சுத்தக் காற்றில் என்ன காட்டியதோ அதை அடிப்படையாக வைத்து, வாயு பட்டபோது அதில் எத்தனை பங்காக மாறியது என்ற விகிதத்தைத்தான் எடுப்போம். இப்போது ராகத்துக்கு வாருங்கள். ஒரு பெண் ஐந்து கட்டையில் மோகனம் பாடுகிறார், ஓர் ஆண் ஒரு கட்டையில் அதையே பாடுகிறார். அதிர்வெண்ணாகப் பார்த்தால் இரண்டுக்கும் ஒட்டே இல்லை. கேட்கிற நமக்கு இரண்டும் மோகனம், ஏனென்றால் நம் காது தம்புராவின் ஆதார சுருதியைப் பிடித்துக்கொண்டு மற்றச் சுரங்களை அதிலிருந்து அளக்கிறது. கணினியும் அதைத்தான் செய்ய வேண்டும். முதலில் ஸட்ஜம், அதாவது அடிப்படைச் சுரமான ‘ஸ’, எது என்று கண்டுபிடி, பிறகு எல்லாவற்றையும் அதற்கு விகிதமாக மாற்று, அப்புறம்தான் ராகத்தைத் தேடு. சுத்தக் காற்றில் எடுக்கிற அடிப்படையும் ஆதார சுருதியும் கணக்கில் ஒரே வேலையைச் செய்கின்றன.

அடிப்படையைத் தப்பாக எடுத்தால் என்ன ஆகும் என்பதைச் சங்கீதக்காரர்கள் கிரக பேதம் என்ற பெயரில் எப்போதோ அறிந்து வைத்திருக்கிறார்கள். மோகனத்தின் ரிஷபத்தை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் அது மத்தியமாவதி. காந்தாரத்தை வைத்தால் இந்தோளம். ஒலியில் ஒரு மாற்றமும் இல்லை, ராகம் மட்டும் மாறிவிடுகிறது. என் சென்சார் அறையில் இதே விபத்து நடக்கும்போது மோகனம் மத்தியமாவதி ஆவதில்லை, நலமாக இருக்கும் ஆடு நோயாளி ஆகிவிடுகிறது. உங்கள் மகள் வயலினில் தினமும் சுருதி சேர்க்கிறாள் அல்லவா, அந்தக் கைப்பழக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு எவ்வளவு உதவும் என்று நான் சொன்னால் மிகை என்று நினைக்காதீர்கள். அடிப்படை நகர்வதைப் பொறுமையாகப் பார்த்துத் திருத்தத் தெரிந்த மாணவர்கள் அபூர்வம்.

இந்த நகர்வு எவ்வளவு பெரிய தொல்லை என்பதற்குப் பொதுவில் கிடைக்கிற ஒரு தரவுத் தொகுப்பே சாட்சி. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் 16 சென்சார்களை வைத்து, ஆறு வாயுக்களை, 36 மாதங்களுக்கு அளந்தார்கள். மொத்தம் 13,910 அளவீடுகள். முதல் சில மாதத் தரவில் பயிற்சி கொடுத்த அல்காரிதத்தை, அதாவது கணினியின் கணக்குமுறையை, கடைசி மாதங்களில் ஓட்டினால் தடுமாறிப்போகும். வாயு அதேதான், சென்சார் வயதாகிவிட்டது. நம் ஊரில் இதற்கு மேல் ஈரப்பதம் வேறு. வெளியே சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல், உள்ளே குளிர்சாதனம் போட்டால் கிடுகிடுவென்று குறைந்துவிடும். நீராவியும் அந்தத் தகட்டின் மேல் இடம் பிடிக்கும் என்பதால் கதவைத் திறந்து மூடினாலே வளைவு ஆடும். மிருதங்கக்காரர்களுக்கு இது தெரிந்த கதை, குளிர்சாதன அரங்கத்துக்குள் நுழைந்ததும் வலந்தலையை, அதாவது வலப்பக்கத் தோலை, தட்டிச் சேர்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

இனி என் கையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இந்தப் பதிலின் சாரம் அதில்தான் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன், நான் அப்போது இருந்த ஓர் ஆய்வுக்கூடத்தில், ஆட்டுப் பாலின் வாசனையை வைத்து மடிநோயைக் கண்டுபிடிக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். பால் சின்ன புட்டிகளில் வரும். மூடியில் இரண்டு துளை, ஒன்றில் சுத்தக் காற்று போகும், மற்றதில் பாலின் ஆவி சென்சார் அறைக்கு வரும். சில மாதத்தில் முடிவு மிக அழகாக வந்தது. நோயுள்ள பாலையும் நல்ல பாலையும் கணினி அநேகமாகப் பிசகே இல்லாமல் பிரித்தது. எழுதி அனுப்பலாம் என்று உட்கார்ந்துவிட்டோம். ஒரு நாள், பழக்கத்துக்காக, வெறும் தண்ணீர் ஊற்றிய புட்டி ஒன்றை வைத்து ஓட்டினேன். கணினி "மடிநோய்" என்றது. இன்னொரு புட்டி வைத்தேன், அதற்கும் மடிநோய். வெள்ளிக்கிழமை மறுபடி ஓட்டினேன், அதே தண்ணீர், அதே புட்டி, "நலம்" என்றது.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் நான் இல்லை. மாடியைச் சுத்தம் செய்கிற அக்கா, திருச்சிப் பக்கத்துக்காரர், நான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து என்ன என்று கேட்டார். சொன்னேன். "செவ்வாக்கிழமைதானே தம்பி நான் நடைபாதை முழுக்க மருந்து ஊத்தித் துடைக்கிறது, உங்க அறைக்கும் அந்த வாடை வருமே" என்றார். பண்ணைக்கு மருத்துவர் வருகிற நாள் செவ்வாய். நோயுள்ள ஆடுகளின் பால் பெரும்பாலும் அன்றுதான் எங்களுக்கு வந்தது, நல்ல பால் வெள்ளிக்கிழமைகளில் வந்தது. எங்கள் இயந்திரம் மாதக்கணக்கில் பயின்றது கிருமிநாசினியின் வாசனையை. கணக்கில் ஒரு பிழையும் இல்லை, வரைபடங்கள் எல்லாம் சுத்தமாக இருந்தன. பொருள்தான் வேறு. வேலையை முதலிலிருந்து தொடங்கினோம்: நோயுள்ள பாலும் நல்ல பாலும் ஒரே நாளில், வரிசையைக் குலுக்கிப் போட்டு, எந்தப் புட்டியில் எது என்று ஓட்டுகிறவருக்குத் தெரியாதபடி.

எங்களுக்கு மட்டும் நடந்தது என்று நினைக்காதீர்கள். காற்றைச் சீராக ஓட்டுகிற காற்றுச் சுரங்கம் என்ற குழாய்க்குள் சென்சார்களை வைத்துப் பதிவு செய்து 2013-ல் வெளியான புகழ்பெற்ற ஒரு தரவுத் தொகுப்பை 2022-ல் வேறொரு குழு திருப்பிப் பார்த்தது. வாயுக்களைக் குலுக்காமல் ஒன்றன்பின் ஒன்றாகப் பதிவு செய்திருந்ததால், வாயு வந்து சேர்வதற்கு முன்பே இருந்த அடிப்படை அளவைக் கொண்டே எந்த வாயு என்று சொல்ல முடிந்ததைக் காட்டினார்கள். அதை நம்பி எத்தனையோ கட்டுரைகள் எழுதப்பட்டுவிட்டன.

இதற்கெல்லாம் மூத்த கதை ஒரு குதிரையுடையது. பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை கூட்டல் கழித்தல் போட்டுக் குளம்பால் தட்டிக் காட்டியது, இசைச் சுரங்களையும் பிரித்துச் சொல்கிறது என்றார்கள். 1904-ல் அதை ஆராயக் குழு போட்டபோது தலைமை தாங்கியவர் கார்ல் ஸ்டும்ஃப். அவர் உளவியலாளர், அதிலும் இசைத் தொனியை மனம் எப்படி உணர்கிறது என்பதில் பெரிய பெயர் பெற்றவர். விலங்கையும் இசையையும் ஒரே ஆள் ஆராய்வது புதுக் கூத்து இல்லை என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன். அவரிடம் வேலை பார்த்த ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் பொறுமையாகச் சோதித்து 1907-ல் விடையை வெளியிட்டார். கேட்கிறவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியாது. கேட்கிறவரைக் குதிரையால் பார்க்க முடியாவிட்டாலும் அதற்குத் தெரியாது. சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்கிறவரின் தலை தன்னையறியாமல் இம்மியளவு அசையும், குதிரை அதைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்தும். உரிமையாளர் வான் ஓஸ்டன் ஏமாற்றவில்லை, அவரும் நம்பித்தான் இருந்தார். என் செவ்வாய்க்கிழமைப் பால் அச்சாக இதுதான்.

அந்தக் குதிரையின் பெயரை இசை ஆய்வுக்குள் கொண்டுவந்தவர் இசையைக் கணினியால் ஆராய்கிற பாப் ஸ்டர்ம். 2002-ல் ஜார்ஜ் சனெட்டாகிஸ், பெர்ரி குக் இருவரும் இசை வகைகளைக் கணினி பிரித்தறிவது பற்றி எழுதிய கட்டுரையோடு வந்த தரவுத் தொகுப்பு ஒன்று உண்டு: பத்து வகை, வகைக்கு 100, மொத்தம் 1,000 துண்டுகள், ஒவ்வொன்றும் 30 வினாடி. உலகம் முழுக்க அதைப் பயன்படுத்தினார்கள். ஸ்டர்ம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒரே பதிவு இரண்டு முறை, ஒரே பாடகர் திரும்பத் திரும்ப, வகையே தப்பாகக் குறிக்கப்பட்டவை என்று வரிசையாக வந்தன. பிற்பாடு அவரும் மற்றவர்களும் சோதித்தபோது, சில அமைப்புகள் 20 ஹெர்ட்சுக்குக் கீழே, மனிதக் காதுக்கே எட்டாத அதிர்வுகளைப் பிடித்துக்கொண்டு வகையைச் சொன்னது தெரிந்தது. இசை ஆய்வாளர்கள் இதற்கு ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறார்கள். ஒரு பாடகரின் பாட்டு கணினிக்குக் கற்றுக்கொடுக்கிற பயிற்சியில் இருந்தால், கற்றதைச் சரிபார்க்கிற சோதனையில் அதே பாடகர் இருக்கக் கூடாது. இல்லாவிட்டால் கணினி ராகத்தை விட்டுவிட்டு அந்தக் குரலையும் அந்த ஒலிப்பதிவுக் கூடத்தின் எதிரொலியையும் மனப்பாடம் செய்துவிடும். இந்த ஒழுங்கை இசையிலிருந்து கற்றுக்கொண்டுதான் நான் ஆட்டுப் பாலுக்கு வந்தேன்: ஓர் ஆட்டின் பால் பயிற்சியில் இருந்தால் அதே ஆடு சோதனையில் இருக்கக் கூடாது. துறை தாண்டிப் போவதில் நன்மை உண்டா என்று கேட்டால், எனக்குக் கிடைத்த நன்மை இந்த ஒரு வரி.

சரி, பொருளை அந்தந்த இடத்தில் கற்க வேண்டும் என்றேனே, அதற்கும் பாலிலிருந்தே உதாரணம். மடியிலிருந்து பாலில் கலக்கிற உடலணுக்கள் (பெரும்பாலும் வெள்ளணுக்கள்) எத்தனை என்று எண்ணி மடிநோயை முடிவு செய்வார்கள். பசுவுக்கு மில்லிலிட்டருக்கு 2,00,000 தாண்டினால் சந்தேகப்படுவது வழக்கம். நான் அதே எண்ணை ஆட்டுக்கும் வைத்துக்கொண்டேன். எங்களோடு இருந்த மருத்துவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, ஆட்டின் மடி பால் சுரக்கும் விதமே வேறு, நோயில்லாத ஆட்டிலும் இந்த எண்ணிக்கை கூடுதலாகத்தான் இருக்கும், கறவைக் காலம் முடிகிற சமயத்தில் இன்னும் ஏறும் என்றார். நான் நோய் என்று குறித்த ஆடுகளில் பாதி நல்ல ஆடுகள். எந்தக் கணினியும் எனக்கு இதைச் சொல்லியிருக்காது.

குறியிடுவதே தப்பாகப் போனால் விளைவு எவ்வளவு பெரிதாகும் என்பதற்கு நம் வட்டாரத்திலேயே கசப்பான வரலாறு இருக்கிறது. 1998-ல் மலேசியப் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்தபோது முதலில் அதை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று எண்ணினார்கள். கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆனால் விழுந்தவர்கள் குழந்தைகள் இல்லை, பன்றிகளோடு புழங்கிய வளர்ந்த ஆண்கள், தடுப்பூசி போட்டவர்களும் அதில் இருந்தார்கள். 1999 மார்ச்சில்தான் அது புது வைரஸ் என்று தெரிந்தது. சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரால் இன்று அதை நிப்பா என்கிறோம். மலேசியாவில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பத்து லட்சத்துக்கு மேல் பன்றிகளை அழித்தார்கள். இங்கே சிங்கப்பூரில் இறைச்சிக்கூடத்தில் வேலை செய்த ஊழியர்கள் 11 பேர் நோயுற்று ஒருவர் இறந்தார். அந்தப் பன்றிகளுக்கு ஓர் அடையாளம் இருந்தது: குரைப்பதுபோல் உரத்த இருமல், ஒரு மைல் தூரம் கேட்கும் என்பார்கள். விலங்கு நோயும் ஒலியும் ஒரே ஆய்வில் எப்படிச் சேரும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இந்த இருமலைத்தான். கூரையில் மைக் தொங்கவிட்டு இருமலை எண்ணுகிற வேலையைப் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகக் குழு பல ஆண்டு உழைத்துப் பண்ணைகளுக்குக் கொண்டுபோனது. இருமல் கூடியிருக்கிறது என்று மைக் சொல்லும். எதனால் என்பதை மருத்துவரும் ஆய்வுக்கூடமும்தான் சொல்ல வேண்டும்.

இந்தத் துறையில் எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். வாயுக் கசிவு, மூச்சில் சாராயம் இரண்டையும் சென்சார் கண்டுபிடிக்கும், அதில் விவாதமே இல்லை. பன்றி இருமலை எண்ணுவதும் நடைமுறைக்கு வந்துவிட்டது. இறைச்சி கெட்டுவிட்டதா என்பதில் நல்ல முன்னேற்றம் உண்டு. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு 2020-ல், வாயு பட்டால் நிறம் மாறுகிற 20 கோடுகளைக் கொண்ட ஒரு பட்டையைச் செய்து, அதைக் கணினியால் படித்து 98.5 விழுக்காடு சரியாக வந்ததாக வெளியிட்டது. இறைச்சியை எத்தனை துண்டு வேண்டுமானாலும் வாங்கலாம், கெட்டதா இல்லையா என்பதைத் தனியாகச் சோதிக்கலாம், அதனால் அந்த எண்ணை எடைபோட முடிகிறது. கன்று ஈன்ற பசுவின் உடல், தீனி போதாமல் கொழுப்பைக் கரைக்கும்போது வரும் கீட்டோசிஸ் நோயில் மூச்சிலும் பாலிலும் அசிட்டோன் ஏறுகிறது என்பது வேதியியலாக உறுதி, சில பண்ணைக்காரர்கள் மூக்காலேயே பிடிப்பார்கள். ஆனால் இரத்தத்தில் எடுக்கும் சோதனைக்குப் பதிலாகத் தொழுவத்தில் ஒரு மின்மூக்கை நம்பலாமா என்பது எனக்குச் சந்தேகமே. முப்பது நாற்பது விலங்குகளை வைத்துப் புற்றுநோய், காசநோய் என்று பெரிய விழுக்காடு சொல்லும் கட்டுரைகளை நான் ஆர்வத்தோடு படிப்பேன், நம்புவதற்கு இரண்டாவது பண்ணையின் முடிவு வரட்டும் என்று காத்திருப்பேன். ராகத்தில், ஆதார சுருதியைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் தீர்ந்த வேலை. கமகத்தை, ஒரே சுரம் ஒரு ராகத்தில் நின்று இன்னொன்றில் அசைவதை, கணினி புரிந்துகொண்டது என்று சொல்ல நான் தயாரில்லை. பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் 2011-ல் தொடங்கிய, இசையைக் கணினியால் ஆராயும் காம்ப்மியூசிக் திட்டத்தில் கர்நாடக இசைக்கு நல்ல அடித்தளம் போட்டார்கள். சென்னை ஐஐடி ஆட்களும் பாடகர்களும் கூடவே உட்கார்ந்து செய்தது அது. அப்படி உட்கார்ந்ததால்தான் அந்த வேலை நிற்கிறது.

ஆகவே அந்தப் பேராசிரியரின் விஷயத்துக்கு வந்தால், பட்டியலின் நீளத்தைப் பார்க்காதீர்கள். மாட்டைப் பற்றிய கட்டுரையில் கால்நடை மருத்துவர் ஒருவரின் பெயர் எழுதியவர்களில் இருக்கிறதா, ராகக் கட்டுரையில் பாடத் தெரிந்தவர் இருக்கிறாரா என்று பாருங்கள். நன்றி சொல்கிற கடைசி வரியில் இருந்தால் போதாது, எழுதியவர்களில் இருக்க வேண்டும். அப்புறம் உங்கள் மகளை ஒரே ஒரு கட்டுரையை எடுத்து முறைகள் பகுதியை மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள். எத்தனை விலங்கு, எத்தனை அளவீடு என்று இரண்டும் தனித்தனியாகச் சொல்லப்பட்டிருக்கிறதா? ஒரே மாடு பயிற்சியிலும் சோதனையிலும் இருக்கிறதா? எந்த நாளில், எந்த வரிசையில் அளந்தார்கள்? நோய் என்று முடிவு செய்தது யார், எந்தச் சோதனையால்? இவற்றுக்கு விடை எழுத்தில் இருந்தால் அந்த ஆள் ஆழமானவர், நாலு துறை என்ன, ஆறு இருந்தாலும் அனுப்புங்கள். விடை இல்லாமல் 99 விழுக்காடு என்று மட்டும் இருந்தால் நான் என் பெண்ணை அனுப்ப மாட்டேன். நேரில் சந்திக்கக் கிடைத்தால், தோற்றுப்போன ஒரு சோதனையைப் பற்றிச் சொல்லுங்கள் என்று அவளைக் கேட்கச் சொல்லுங்கள். உண்மையாக வேலை செய்தவர்களிடம் இதற்கு ஒரு மணி நேரப் பதில் இருக்கும்.

படிப்பைப் பொறுத்தவரை, பட்டம் ஒன்றில் அவள் கால் ஊன்றட்டும். கணினியியலோ மின்பொறியியலோ எடுத்து, புள்ளியியலை மட்டும் விடாமல் படித்தால், மற்ற மூன்றுக்கும் அதிலிருந்து போகலாம். கால்நடை மருத்துவம்தான் வேண்டும் என்று அவள் மனம் சொன்னால் அது வேறு பாதை. கால்நடை மருத்துவப் பட்டத்துக்கு நம் பிள்ளைகள் பெரும்பாலும் ஆஸ்திரேலியா, பிரிட்டன் என்று வெளியேதான் போகிறார்கள். தெமாசெக் பலதுறைத் தொழிற்கல்லூரியில் கால்நடைத் தொழில்நுட்ப டிப்ளோமா உண்டு. இளநிலை மாணவர்கள் ஆய்வில் சேர இங்கே வழி இருக்கிறது, தேசியப் பல்கலைக்கழகத்தில் யுரோப்ஸ், நன்யாங்கில் யுரேகா என்ற திட்டங்கள். சிங்கப்பூரில் ஏது மாடு என்று உறவினர்கள் கேட்பார்கள். கண்டாங் கெர்பாவ் என்ற இடத்தின் பெயருக்கே மலாயில் எருமைத் தொழுவம் என்று பொருள், தேக்காவில் நம் ஆட்கள் மாடு வளர்த்த ஊர் இது. இன்றும் லிம் சூ காங் பக்கம் ஆட்டுப் பண்ணையும் கோழிப் பண்ணையும் இருக்கின்றன. விலங்கைத் தொடுகிற எந்த ஆய்வுக்கும் நிறுவனத்தின் விலங்கு நெறிக்குழு அனுமதி வேண்டும், அதற்கு மாதங்கள் ஆகும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதுவரை வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். சிம் லிம் டவரில் எம்கியூ-3 என்ற சாராய ஆவி சென்சார் சில வெள்ளிக்குக் கிடைக்கும். ஐந்து வோல்ட் கொடுத்து, ஒரு முழு நாளாவது சூடாகவே விட்டுவிட வேண்டும், அதற்கு முன் வருகிற எண்ணை எழுதக் கூடாது. பிறகு ஒரு வாரம், எந்த வாயுவும் காட்டாமல், வரவேற்பறைக் காற்றில் அது என்ன சொல்கிறது என்று பதிவு செய்யட்டும். பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து, குளிர்சாதனம் போட்ட நேரம், மழை பெய்த நேரம், நீங்கள் தாளித்த நேரம், சாம்பிராணி போட்ட நேரம் எல்லாவற்றையும் குறிக்கச் சொல்லுங்கள். வாரக் கடைசியில் நோட்டை மூடி வைத்துவிட்டு, வளைவை மட்டும் பார்த்து எந்த நாளில் என்ன நடந்தது என்று அவள் சொல்லிப் பார்க்கட்டும். எத்தனை சரி, எத்தனை தப்பு என்று இங்கே வந்து எழுதினால் நான் உட்கார்ந்து பார்க்கிறேன்.